குருதியைப் பார்த்துக் குடலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

எஸ்.ஐ.வியையும் (குரங்குகளைத் தொற்றும், எச்.ஐ.விக்கு உறவான வைரஸ்) எச்.ஐ.வியையும் மாற்றி எழுதுவது, சஞ்சிகையின் ஆண்டைப் பிழையாகப் போடுவது போன்றவற்றை யாராவது ஒருவர் திருத்திவிடுவார். அவற்றை விடுவோம். யாழ்ப்பாணத்தில் மருத்துவமும் உயிரியலும் படிக்கும் பிள்ளைகளின் கருத்தரங்க உரைகளைக் கனகாலமாகக் கேட்டு வருகிறேன். எச்.ஐ.வி போன்ற தொற்றின்போது பிறபொருளெதிரி (குறித்த ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதம், antibody) ஏற்றிக் குடலின் நிர்ப்பீடனத்தை, அதாவது நோயெதிர்ப்பை, காப்பாற்றலாமா என்ற தலைப்பை யாரோ ஒருவர் எப்படியும் எடுத்துவிடுகிறார். நல்ல தலைப்புத்தான். ஆனால் நாங்கள் படித்த காலத்தில் விட்ட அதே பிழைகள் அப்படியே திரும்பி வருகின்றன.

குருதி எண்ணிக்கையைக் குடலுக்குச் சாட்சியாக வைப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். அண்மையில் ஒரு பிள்ளை, நன்றாக வாசிக்கிற பிள்ளை, ஒரு வரைபைக் காட்டினார். பிறபொருளெதிரி ஊசி ஏற்றிய குரங்குகளின் குருதியில் சிடி4 ரி கலங்கள் (எச்.ஐ.வி குறிவைத்து அழிக்கும் நிணநீர்க் கலங்கள்) கூடியிருந்தன. "ஆகவே குடல் பாதுகாக்கப்பட்டது" என்று முடித்தார். "குடலில் எடுத்த பயொப்சி, அந்த இழையத் துண்டின் பரிசோதனை எங்கே, தங்கச்சி?" என்று கேட்டேன். "கட்டுரையில் இருந்தது சேர், நேரம் காணாது என்று விட்டிட்டன்" என்றார். சொல்ல வேண்டிய விஷயமே அந்தப் பயொப்சியில்தான் இருந்தது!

உடலில் உள்ள நிணநீர்க் கலங்களில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் ஒரு நேரத்தில் குருதியில் ஓடுகிறது. மிச்சம் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடற்சுவர் போன்ற இழையங்களிலும் இருக்கிறது. எஸ்.ஐ.வி தொற்றிய றீசஸ் குரங்குகளின் குடலில் சிடி4 கலங்கள் தொற்றின் முதல் சில வாரங்களிலேயே அழிந்துபோவதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நேரம் குருதியில் அவ்வளவு வீழ்ச்சி இல்லை. எச்.ஐ.வி தொற்றிய மனிதரிலும் குடல் இப்படித்தான் முதலில் காலியாகிறது என்பது 2004இல் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. குருதியை மட்டும் பார்த்திருந்தால் இந்த நோயின் முதல் அத்தியாயமே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்தச் சிகிச்சையில் பிழை இரட்டிப்பாகிறது. அதிகம் பேசப்படும் பிறபொருளெதிரி அல்பா4 பீட்டா7 என்ற புரதத்தைப் பிடிப்பது. ரி கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் இந்தப் புரதம், குடலின் குருதிக் குழாய்ச் சுவரில் உள்ள மாட்காம் என்ற புரதத்தோடு ஒட்டும். அப்போதுதான் கலம் குடலுக்குள் இறங்கும். குடலின் படலைக்கு அதுதான் திறப்பு (சாவி) என்று வையுங்கள். பிறபொருளெதிரி அந்தத் திறப்பை மூடிவிட்டால், குடலுக்குப் போக இருந்த கலங்கள் போக வழியின்றிக் குருதியிலேயே சுற்றலாம். அப்போது குருதி எண்ணிக்கை கூடும், குடலில் ஒரு கலம்கூடப் புதிதாகக் காப்பாற்றப்படாமலேயே கூடும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், குடல் பிழைத்தது என்பதற்கு அது சான்று ஆகாது. இந்த ஒரு வரைபை நம்பி ஆய்வு முன்மொழிவு எழுதினால் மாதக்கணக்கான உழைப்பும் காசும் வீண். குடல் இழையத்தில் சிடி4 எவ்வளவு, அதிலும் குடற்சுவரைக் காக்கும் ரிஎச்17 என்ற சிடி4 கலங்கள் மிஞ்சினவா, குடற்சுவர் கசிந்து பற்றீரியாப் பொருட்கள் குருதிக்குள் வருகின்றனவா, இவற்றைக் கேளுங்கள். அப்புறம் குருதிக்கு வாருங்கள்.

சிகிச்சைக்குக் கொடுத்த பிறபொருளெதிரியாலேயே கலங்களைத் தேடுவது

ஆய்வுகூடத்தில் கலங்களை அடையாளம் காணவும் பிறபொருளெதிரியைத்தான் ஒட்டவிடுகிறோம். சிகிச்சைக்குக் கொடுத்ததையே பாவித்தால் ஒட்டும் இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கலம் இருந்தும் இல்லாததுபோலத் தெரியும். வேறு இடத்தில் ஒட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

2016உடன் வாசிப்பை நிறுத்துவது

2014இல் நேச்சர் மெடிசினில் வந்த ஆய்வில் அல்பா4 பீட்டா7 பிறபொருளெதிரியைக் குரங்குகளுக்குத் தொற்றுக்கு முன்னரே கொடுத்தார்கள். சில குரங்குகளுக்குத் தொற்றே வரவில்லை, வந்தவற்றிலும் குடலில் வைரஸ் குறைவு. 2016இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தது வேறு கதை: தொற்றிய குரங்குகளுக்கு முதலில் வைரஸ் எதிர்ப்பு மருந்து, பிறகு இந்தப் பிறபொருளெதிரியும். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் 8 குரங்குகளில் வைரஸ் அடங்கியே இருந்தது. உலகமே துள்ளியது, பிள்ளைகள் இன்றும் அந்த இடத்திலேயே நிற்கிறார்கள். 2019இல் அதே சஞ்சிகையில் மூன்று குழுக்கள் தங்கள் முடிவுகளை வெளியிட்டன, ஒன்றிலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வில் பயன்பட்ட வைரசின் நெவ் மரபணுவில் இடையிலேயே ஒரு நிறுத்தற் குறி இருந்ததும், அதனால் வைரஸ் வீரியம் குறைந்ததாக இருந்திருக்கலாம் என்பதும் வெளியே வந்தது. அதே வைரசை வைத்துச் செய்த குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே அல்பா4 பீட்டா7ஐப் பிடிக்கும், குடல் அழற்சி நோய்க்குப் பயன்படும் வெடோலிசுமாப்பை எச்.ஐ.வி உள்ள மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானோரில் வைரஸ் திரும்பி வந்தது.

தொற்றுக்கு முன் காப்பது வேறு, தொற்றிய பின் அடக்குவது வேறு. இரண்டையும் ஒரே வசனத்தில் கலக்க வேண்டாம்.

வைரஸ் அளவு ஒன்றே எல்லாம் என்று நினைப்பது

ஆபிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளுக்கு எஸ்.ஐ.வி இயற்கையாகவே தொற்றுகிறது. குருதியில் வைரஸ் நிறைய இருக்கும், ஆனால் பெரும்பாலும் எய்ட்ஸ் வராது. குடற்சுவர் குலைவதில்லை, நிர்ப்பீடனமும் ஓயாமல் கொதித்துக்கொண்டிருப்பதில்லை. குடலைக் காப்பது ஏன் தனியான இலக்கு என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குரங்குகளைப் பற்றித்தான்.

குரங்கின் செய்தியை நோயாளியிடம் கொண்டுபோவது

இது கருத்தரங்குக்கு வெளியே நடக்கிறது, அதனால்தான் பயம். "இப்ப ஊசி வந்திட்டுதாம், குளிசையை விடலாமோ?" என்று வைரஸ் எதிர்ப்புக் குளிசை எடுக்கும் ஒருவர் கேட்டார். யாரோ அரைகுறையாக வாசித்ததை முகநூலில் போட்டிருக்கிறார்கள். விடவே கூடாது. குளிசையை நிறுத்தினால் வைரஸ் திரும்பி வரும், குடலின் சேதமும் கூடும். இலங்கையில் அந்தக் குளிசை அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்குள்ள வைத்தியரிடம் நேரே போய்க் கேளுங்கள்.