மதியம் பார்த்தால் தெரியாது: கண்மாய்ப் பாசியும் செத்து மிதக்கும் மீன்களும்

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை, காலை ஐந்தரை மணி. கட்லாக்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) எடுத்திருந்த அண்ணன், "பசியில மேல வருதுக தம்பி" என்று சொல்லி, ஒரு கூடைத் தவிட்டை அள்ளி வீசினார். மறுநாள் விடிந்தபோது கரையோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வயிறு. "எவனோ மருந்தக் கலந்துட்டான்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பியது. கலந்தது யாருமில்லை, பாசிதான். (ஏலத்தின் பெயரிலேயே பாசி இருப்பதை அன்றைக்கு யாரும் ரசிக்கவில்லை.)

நடந்தது இதுதான். பகலில் பாசி வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடுகிறது. இருட்டியதும் விடுவது நின்றுபோகும். ஆனால் பாசியும் மூச்சு வாங்க வேண்டுமே, மீனோடு பங்குக்கு வந்துவிடும். கெண்டை வகை மீன்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் திணறல், 1-ஐ நெருங்கினால் சாவு. பாசி மண்டிய கண்மாயில் மதியம் 3 மணிக்கு 10-ஐத் தாண்டி நிற்கும் அளவு, விடிகாலை 4 மணிக்கு 2-க்கும் கீழே விழுந்துவிடும். நாம் போய்ப் பார்ப்பதோ வெயில் ஏறியபின். மீன் துள்ளிக்கொண்டிருக்கும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். மதியம் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகள் இதிலிருந்தே பிறக்கின்றன.

தவிடு போட்டது அடுத்த தவறு. வாய் பிளக்கிற மீன் தீனி எடுக்காது. போட்ட தவிடும் புண்ணாக்கும் அடியில் அழுகி, இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் தின்றுவிடும். மீன் மேலே வந்து வாய் வைத்தால் தீனியையும், உரமாகப் போடும் சாணத்தையும் அன்றே நிறுத்த வேண்டும்.

மருந்து என்று ஊரைச் சந்தேகிப்பதற்கு முன் செத்த மீன்களைப் பாருங்கள். கட்லாவும் ரோகுவும் போய், விரால் மட்டும் தெம்பாக இருக்கிறதா? விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன். அது தப்பியிருந்தால் மூச்சுப் பிரச்சினை என்றே எடுத்துக்கொள்ளலாம். பெரிய மீன்கள் முதலில் செத்து, குஞ்சுகள் மிஞ்சியிருப்பதும் அதே அடையாளம். விராலும் சேர்ந்து மிதந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது. "ஒரு மூட்டை கொட்டுங்க, தண்ணி கண்ணாடியாயிரும்" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். ஆகும்தான். ஒரே நேரத்தில் செத்த பாசி அத்தனையும் அழுகத் தொடங்கும், அழுகல் ஆக்சிஜனை உறிஞ்சும், இரண்டு மூன்று நாளில் மீன் கும்பலாகச் சாகும். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் அதன் உடலுக்குள் இருந்த நச்சும் தண்ணீரில் கலந்துவிடும். துத்தத்தின் அளவே தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்து மாறுவது. கண்மதிப்பில் போட்டால் துத்தமே மீனைக் கொன்றுவிடும். சுண்ணாம்பும் அப்படித்தான். பாசி மண்டிய தண்ணீரில் மதியம் ஏற்கெனவே காரம் ஏறிப் போயிருக்கும், மேலும் ஏற்றினால் அடியில் கிடக்கும் கழிவின் அம்மோனியா கொடிய நஞ்சாக மாறும்.

பச்சையைக் கண்டாலே பயப்படுவதும் தப்பு. இளம்பச்சைத் தண்ணீர் குஞ்சுகளுக்குச் சோறு. முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள்; உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நல்ல தண்ணீர். மணிக்கட்டு நனைவதற்குள் விரல் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. தண்ணீர்மேல் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல ஏடு படிந்திருந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது ஒரு வகை பாக்டீரியா. அங்கே கையை விட வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு அசைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால், இது மேலே மிதந்து வளையம் கட்டும். அந்தத் தண்ணீரை ஆடு மாடு குடிக்கவும் விடக்கூடாது. கொதிக்கவைத்தால் நச்சு போய்விடும் என்பதும் தவறு, போகாது.

சரி, என்னதான் செய்வது? ஆயில் இஞ்சினை வைத்துக் கண்மாய்த் தண்ணீரையே இறைத்து மேலே பீய்ச்சி அடியுங்கள், ஆனால் ராத்திரி 2 மணியிலிருந்து விடியும் வரை. மதியம் இறைத்தால் தண்ணீரில் மிதமிஞ்சி இருக்கும் ஆக்சிஜன் காற்றுக்குத்தான் போகும், டீசலும் வீண். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் அதைப் பாய்ச்சுங்கள், உயரத்திலிருந்து விழும்படி. பங்குனி, சித்திரையில் கண்மாய் குட்டையாகச் சுருங்கியிருக்கும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். அந்த நேரத்தில் வானம் இரண்டு நாள் மூடிக்கிடந்தால், மூன்றாவது ராத்திரிக்கு யாராவது கரையில் படுத்திருப்பது நல்லது. விலை ஏறட்டும் என்று காத்திருக்காமல், பெரிய மீன்களில் கொஞ்சத்தை அதற்கு முன்பே பிடித்து விற்றுவிட்டால் மிச்சத்துக்கு மூச்சு கிடைக்கும்.

புல்கெண்டை விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்பார்கள். அது தின்பது புல்லும் கொடியும். நுண்பாசியை வடிகட்டித் தின்பது வெள்ளிக்கெண்டை.

செத்து மிதக்கும் மீனைக் கருவாடு போட்டாவது தேற்றலாம் என்று ஆசை வரும். வேண்டாம். வலையில் அள்ளி, நீர்ப்பிடிப்புக்கு வெளியே குழி வெட்டிப் புதையுங்கள். கண்மாய் உள்வாயிலேயே புதைத்தால், அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறும்போது அந்த உரம் கரைந்து மறுபடியும் பாசிக்கே போய்ச் சேரும்.