பெட்ரோல் போட்டதும் அணைந்துபோகும் கார்

டேங்க் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். மற்ற நேரங்களில் ஒரு தொல்லையும் இல்லை. பெட்ரோலில் தண்ணீர் என்று நினைத்து ஃபில்டரை மாற்றினேன், பலனில்லை.

நிரப்பிய பிறகு மட்டும் ஏன் என்று யோசித்தபோதுதான் பர்ஜ் வால்வு நினைவுக்கு வந்தது. டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் அளவாக விடுவது அதன் வேலை. மின்சாரம் வராதபோது மூடியே இருக்க வேண்டும். இன்ஜின் ஐடிலில் ஓட, வால்வின் மின் இணைப்பைக் கழற்றி, டேங்க் பக்கத்து ஹோஸையும் எடுத்துவிட்டு, வால்வின் அந்தத் திறப்பில் விரல் வைத்தேன். நன்றாக உறிஞ்சியது! திறந்தபடியே சிக்கியிருந்தது, நிரப்பும்போது கிளம்பும் ஆவியெல்லாம் நேராக இன்ஜினுக்குள் போயிருக்கிறது.

புது வால்வு மாட்டியதும் சரியாகிவிட்டது. அப்புறம், பம்ப் தானாக நின்ற பிறகு மேற்கொண்டு நிரப்புவதில்லை. ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விட்டால் அதுவும் கெட்டுவிடும்.