சினிமா பத்திரிகை ரேப்பர்: கடையில் தொங்கும்போது தெரியவரும் தவறுகள்

பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் பத்திரிகைகள் எப்படித் தொங்குகின்றன என்று ஒருமுறை நின்று பாருங்கள். கயிறு கட்டி, கிளிப் மாட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். சில அட்டைகளில் இடது ஓரம் மூன்று விரல் அகலத்துக்குத்தான் தெரியும். பலகையில் சரித்து அடுக்கும் கடைகளில் மேல் பகுதி மட்டும் தெரியும். கீழே இருக்கும் முகமும் தலைப்பும் அடுத்த பத்திரிகைக்கு அடியில் போய்விடும். பக்கத்தில் ஷாம்பு பாக்கெட் சரம், வாழைப்பழத் தார். முன்னால் பஸ் பிடிக்க ஓடுகிற ஆள். இந்த இடத்தில் இரண்டு மூன்று விநாடிக்குள் ஒரு ரேப்பர், அதாவது பத்திரிகையின் முன் அட்டை, தன் வேலையை முடிக்க வேண்டும்.

பல வருஷம் லேஅவுட் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சினிமா பத்திரிகை அட்டையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசிக்கு மூல காரணம் ஒன்றுதான். கம்ப்யூட்டர் திரையில், தனியாக, முழுதாக, பெரிதாக்கிப் பார்த்து ஓகே செய்துவிடுகிறோம். எந்த வாசகரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

ஆகவே முதலில் திருத்த வேண்டியது சோதித்துப் பார்க்கும் முறையை. அசல் அளவில் ஒரு கலர் பிரிண்ட் எடுங்கள். அந்த வாரம் கடையில் கிடைக்கும் மற்ற பத்திரிகைகளை வாங்கி, அவற்றுக்கு நடுவே சுவரில் ஒட்டி, எட்டடி தள்ளி நில்லுங்கள். அப்புறம் வலது பாதியை ஒரு பேப்பரால் மூடுங்கள். அடுத்து கீழ்ப்பாதியை மூடுங்கள். இரண்டு முறையும் இது எந்தப் பத்திரிகை, யார் படம் என்பது தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இன்றைக்கு இன்னொரு சோதனையும் சேர்ந்துகொண்டது. போனில் பத்திரிகை படிக்கும் மேக்ஸ்டர் போன்ற செயலிகளில் உங்கள் அட்டை தபால் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும். போனில் அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் நிற்கிற அட்டை கயிற்றிலும் நிற்கும்.

பெயரை மறைக்கும் தலைகள்

ஹீரோவின் தலை பத்திரிகைப் பெயரின் மேல் ஏறி நிற்பது பார்க்க அழகுதான். படத்துக்கு ஆழம் வருகிறது, ஆள் நம் பக்கம் வருவது போல இருக்கிறது. ஆனால் அந்த உரிமை எல்லாப் பத்திரிகைக்கும் கிடையாது. 1942-ல் தொடங்கிய 'பேசும் படம்', 1966-ல் வந்த 'பொம்மை' மாதிரி, எழுத்தின் வளைவைப் பார்த்தே வாசகர் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு ஊறிய பெயராக இருந்தால் ஓரிரண்டு எழுத்து மறைந்தால் மோசமில்லை. நேற்று தொடங்கிய பத்திரிகை அதைப் பார்த்துச் செய்யக்கூடாது.

தமிழில் இதற்குக் கூடுதல் ஆபத்து உண்டு. 'திரை' என்ற சொல்லில் 'ரை'யின் கொம்பை நடிகரின் முடி மறைத்தால் மிஞ்சுவது 'திர'. ஒரு புள்ளி, ஒரு கொம்பு போனால் சொல்லே போய்விடும். மறைக்கத்தான் வேண்டும் என்றால் உயிர்க்குறிகளை விட்டுவிட்டு, எழுத்தின் உடல் பகுதியில் கொஞ்சம் மறையும்படி தலையை நகர்த்துங்கள். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும்.

படம்: ரசிகருக்கு உங்களைவிட அதிகம் தெரியும்

சினிமா பத்திரிகையின் உயிர் முகம்தான். ஆங்கில சினிமா பத்திரிகையான ஃபிலிம்ஃபேர் 1952 மார்ச்சில் தன் முதல் இதழை இந்தி நடிகை காமினி கௌஷலின் அட்டைப்படத்தோடுதான் கொண்டுவந்தது. எழுபது வருஷம் தாண்டியும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஒரு முகம், அதிலும் வாசகரை நேராகப் பார்க்கும் கண்கள் இருந்தால், கடந்து போகிறவர் ஒரு நொடி திரும்புகிறார். முகம் வேறு பக்கம் பார்க்கிறதென்றால், அது பார்க்கும் திசையில் முக்கியத் தலைப்பை வையுங்கள். வாசகரின் கண்ணும் அங்கேதான் போகும். அட்டைக்கு வெளியே எங்கேயோ பார்க்கும் முகம் வாசகரின் கண்ணைப் பக்கத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிடும்.

இதைச் சரிசெய்யப் போய்த்தான் பலர் பெரிய தவறு ஒன்றைச் செய்கிறார்கள். தலைப்பு வலது பக்கம் இருக்கிறது, நடிகை இடது பக்கம் பார்க்கிறார். என்ன செய்யலாம்? படத்தைத் திருப்பிப் போடு. கம்ப்யூட்டரில் ஒரு கிளிக். நானும் ஆரம்பத்தில் ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு கதாநாயகியின் ஸ்டில். அவசர வேலை, திருப்பினேன், ஆபீஸில் நாலு பேர் பார்த்தார்கள், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இதழ் வந்த அன்றே வாசகர் ஒருவர் போன் செய்தார். "என்ன சார், முந்தானை வலது தோளில் கிடக்குது?" என்றார். பார்த்தால் முந்தானை மட்டுமா, மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது, கன்னத்து மச்சம் பக்கம் மாறியிருந்தது, தலை வகிடு மாறியிருந்தது. எனக்கு அது ஒரு போட்டோ. அவருக்கு அது பத்து வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம். அன்றிலிருந்து படத்தைத் திருப்புவதில்லை, தலைப்பைத்தான் நகர்த்துகிறேன். ஆண்கள் படத்திலும் இதே கதைதான்: சட்டைப் பட்டன், கைக்கடிகாரம், பாக்கெட், பின்னால் இருக்கும் போர்டு எழுத்து என்று ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும்.

படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவதிலும் இதே பாடம்தான். 2003-ல் ஜி.க்யூ என்ற ஆண்கள் பத்திரிகையின் பிரிட்டன் பதிப்பு நடிகை கேட் வின்ஸ்லெட்டின் அட்டைப்படத்தில் அவரை ஒல்லியாக்கி வெளியிட்டது. தான் அப்படி இல்லை, அப்படி இருக்க விரும்பவும் இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1989-ல் அமெரிக்காவின் டிவி கைடு பத்திரிகை, தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் முகத்தை நடிகை ஆன்-மார்கரெட்டின் பழைய விளம்பரப் படத்து உடலோடு சேர்த்து அட்டையில் போட்டது. அந்த உடையை வடிவமைத்தவர் அதை அடையாளம் கண்டுகொண்டார், விஷயம் வெளியே வந்தது. 2018-ல் அமெரிக்கப் பத்திரிகை வேனிட்டி ஃபேரின் ஹாலிவுட் சிறப்பிதழ் அட்டையைப் பார்த்து, நடிகை ரீஸ் விதர்ஸ்பூனுக்கு மூன்று கால் தெரிகிறதே என்று ஊரே பேசியது. அது உடையின் உள்துணி என்று பத்திரிகை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, அது உண்மையிலேயே துணியாக இருந்தாலும் முதல் பார்வையில் கால் மாதிரி தெரிந்தது என்பதை. அட்டையில் இரண்டாவது பார்வைக்கு அவகாசம் கிடையாது. கை எங்கே முடிகிறது, பக்கத்து ஆளின் தோள் எங்கே தொடங்குகிறது என்ற குழப்பம் வரும் இடங்களை முன்கூட்டியே தேடிச் சரிசெய்ய வேண்டும்.

நம் பக்கத்தில் இதைவிட வருத்தமான ஒரு பழக்கம் இருக்கிறது: நிறத்தை வெளுப்பாக்குவது. மாநிற நடிகரை அட்டையில் ரோஸ் நிறத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். கன்னத்து நிழல், கழுத்து மடிப்பு எல்லாம் போய் முகம் மாவு பூசியது மாதிரி ஆகிவிடும். திரையில் அவரைப் பார்த்து ரசித்த மக்கள் பார்த்தது அவருடைய நிறத்தையும் சேர்த்துத்தான். அதை அழிப்பது அவருக்கும் மரியாதை இல்லை, வாசகருக்கும் மரியாதை இல்லை. தூசி, கலைந்த முடி, வெளிச்சப் பிசகு இவற்றைச் சரிசெய்யுங்கள். முகத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும் வந்த ஸ்டில். படம் ரிலீஸ் ஆகும் வாரத்தில் தயாரிப்புத் தரப்பிலிருந்து ஒரே செட் ஸ்டில்ஸ் எல்லா ஆபீஸுக்கும் போகும். அதில் சிறந்த படம் எது என்று எல்லோருக்கும் தெரியும். விளைவு, ஒரே கயிற்றில் ஒரே முகம் ஒரே சிரிப்போடு மூன்று இடத்தில் தொங்கும். வாசகர் அதை ஏற்கெனவே சுவர் போஸ்டரிலும் பார்த்துவிட்டார். தனியாக போட்டோ ஷூட் நடத்தப் பணம் இல்லை என்றால், செட்டில் ஸ்டில் போட்டோகிராபர் எடுத்து ஒதுக்கிவைத்த படங்களைக் கேளுங்கள். டேக் முடிந்து மேக்கப்போடு டீ குடிக்கும் முகம், கேமராவைக் கவனிக்காத ஒரு சிரிப்பு. எனக்கு அப்படிக் கிடைத்த படங்கள்தான் நல்ல அட்டைகளாக வந்திருக்கின்றன. படம் எடுத்தவர் பெயரை உள்ளே போட மறக்காதீர்கள்.

பத்துத் தலை, பதினைந்து தலைப்பு

யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம் நம் அட்டைகளில் நிறையத் தெரிகிறது. நடுவில் ஒரு ஹீரோ, ஓரத்தில் வட்டத்துக்குள் ஒரு ஹீரோயின், கீழே ஒரு காமெடியன், மூலையில் ஒரு பழைய நடிகை. ஒவ்வொருவரின் ரசிகரும் வாங்குவார் என்ற கணக்கு. எட்டடி தூரத்தில் இந்த நாலும் சேர்ந்து ஒரு கலர் கலவையாகத்தான் தெரியும்.

1951 ஏப்ரலில் பாரிஸில் தொடங்கிய 'கையே து சினிமா' என்ற சினிமா பத்திரிகை அட்டையை மஞ்சள் நிறமும் ஒரே ஒரு ஸ்டில்லும் என்று வைத்துக்கொண்டது. அந்த மஞ்சளே அதன் முகவரியாகிவிட்டது. லண்டனிலிருந்து 2005 முதல் வரும் 'லிட்டில் ஒயிட் லைஸ்' என்ற சினிமா பத்திரிகை ஒவ்வொரு இதழுக்கும் ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் முகத்தை ஓவியமாக அட்டையில் வைக்கிறது. இரண்டும் நம் பெட்டிக்கடைக்கு வருபவை அல்ல, அப்படியே காப்பியடிக்கவும் முடியாது. ஆனால் ஒன்றைப் பெரிதாக வைத்து மற்றதைக் காத்திருக்க வைக்கும் துணிச்சலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய முகம், ஒரு பெரிய தலைப்பு, மூன்று நான்கு சின்னத் தலைப்புகள். இதற்குமேல் போனால் எதை முதலில் படிப்பது என்று வாசகருக்குத் தெரியாது.

தமிழ் எழுத்தில் தலைப்பு வைப்பது தனி வேலை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளுக்கு மாறி அழுத்தம் கொடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. அளவு, தடிமன், நிறம் மூன்றை வைத்துத்தான் செய்ய வேண்டும். சொற்களும் நீளம். 'ரசிகர்களுக்காகத்தான்' என்ற ஒரு சொல்லே அட்டையின் பாதி அகலத்தை விழுங்கிவிடும். அதை நெருக்கிக் குறுக்கி உள்ளே திணிக்காமல், வேறு சொல் தேடுவதுதான் வழி. லேஅவுட் செய்பவரும் சப் எடிட்டரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய இடம் இது.

வரிகளுக்கு இடையே இடம் விடாமல் இருப்பது அடுத்த தவறு. மேல் வரியில் 'மூ' இருந்தால் அதன் வால் கீழே இறங்கும். கீழ் வரியில் 'நீ' இருந்தால் அதன் சுழி மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டால் தூரத்தில் அந்த இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும். அதேபோல அடோபி லேஅவுட் மென்பொருளில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் ஆபத்து உண்டு. கடைசி நிமிஷத்தில் தலைப்பை மாற்றும் இரவுகளில்தான் இது நடக்கும். திரையில் பார்த்துவிட்டு விடாமல், சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அச்சில் மாறும் நிறம்

மானிட்டரில் பளிச்சென்று மின்னும் பிங்க், மின்சார நீலம் இவை நான்கு வண்ண மையில் அப்படி வராது; மங்கிப்போகும். ஆகவே முதலிலிருந்தே அந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே முறையில் வேலை செய்யுங்கள், பிரஸ்ஸிலிருந்து வரும் ப்ரூஃபில், அதாவது சோதனை அச்சில், முதலில் முகத்தைப் பாருங்கள். மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை கொஞ்சம் கூடினாலும் முகம் வெயிலில் வெந்தது மாதிரி ஆகிவிடும். நான்கு மையும் கலந்த கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வைப்பதைத் தவிருங்கள். ரிஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுவது, ஒரு மயிரிழை விலகினால் எழுத்தின் ஓரம் கலராகும், புள்ளி மையில் அடைபட்டுப்போகும். ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் படம் விடுவது, 300 டிபிஐ-க்குக் குறையாத படம் எடுப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அட்டைக்குப் பெரிதாக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மெயிலில் வாங்குங்கள். பார்கோடு போடுபவர்கள் அழகுக்காக அதைச் சிவப்புக் கோடுகளாக மாற்ற வேண்டாம். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும்.

கேள்விக்குறிக்குப் பின்னால் ஒளிவது

1971 அக்டோபரில் தொடங்கிய ஸ்டார்டஸ்ட் சினிமா பத்திரிகையின் முதல் அட்டைக்கதையே இந்தி நடிகர் ராஜேஷ் கன்னா ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டாரா என்ற கேள்விதான். கேள்விக்குறி விற்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே பதில் இல்லாத கேள்வியை அட்டையில் வைப்பதுதான் நான் பார்த்ததில் மிகப் பெரிய தவறு. "விலகுகிறாரா?" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே "அப்படியெல்லாம் எதுவும் இல்லை" என்று நாலு வரி. காசு கொடுத்து வாங்கியவர் பஸ்ஸிலேயே அதைப் படித்து முடித்துவிடுவார். அடுத்த வாரம் அதே கயிற்றில் அதே சிவப்பு எழுத்தைப் பார்க்கும்போது அவர் கை நீளாது. எவ்வளவு நல்ல படம் வைத்தாலும் அந்தக் கையைத் திரும்ப வரவழைப்பது கஷ்டம்.

அதனால் ரேப்பரை பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒரு வேலை செய்கிறேன். ப்ரூஃப் தாளில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில், அந்த விஷயம் உள்ளே எந்தப் பக்கத்தில் வருகிறதோ அந்த எண்ணை பென்சிலால் எழுதுகிறேன். எண் எழுத முடியாத தலைப்பை அங்கேயே அடித்துவிடுகிறேன்.