புத்தர் காலத்துச் சமூகத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்து சமயத்துக்கும் பௌத்தத்துக்கும் பிறப்பிடமான பழைய நாகரிகத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் முதலில் சறுக்குவது காலக்கணக்கில்தான். மொகஞ்சதாரோ, ரிக் வேதம், புத்தர், அசோகர், மனு எல்லாமே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் என்பது போல எழுதிவிடுகிறார்கள். சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்தது ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை. ரிக் வேதப் பாடல்கள் அதற்குப் பின், கி.மு. 1500-ஐ ஒட்டித் தொடங்கிப் பல தலைமுறைகளாக உருவானவை. புத்தரின் காலம் ஏறத்தாழ கி.மு. 5-ஆம் நூற்றாண்டு, அசோகர் ஆண்டது கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. மனுஸ்மிருதி அசோகருக்கும் பிற்பட்டது. சிந்துவெளி நகரங்கள் சரிந்த பிறகு புத்தர் பிறக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எனவே எந்தச் செய்தியை எழுதினாலும், இது எந்த நூற்றாண்டு, எந்த ஊர் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

சிந்துவெளி முத்திரை ஒன்றில் கொம்புத் தலையணியோடு அமர்ந்திருக்கும் உருவத்தைச் சிவன் என்று அடித்துச் சொல்வதும் இந்த வகைத் தவறுதான். அது தொல்லியலாளர் ஜான் மார்ஷல் முன்வைத்த ஊகம். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள எழுத்துகளை இன்றுவரை யாரும் ஐயத்துக்கு இடமின்றிப் படித்துக்காட்டவில்லை. ஊகத்தை ஊகம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: சட்ட நூல் சொன்னதையெல்லாம் மக்கள் அப்படியே வாழ்ந்தார்கள் என்று எடுத்துக்கொள்வது. தர்ம நூல்களை எழுதியவர்கள் தாங்கள் விரும்பிய உலகத்தை எழுதினார்கள். ஒரு செயலை மீண்டும் மீண்டும் தடை செய்ய வேண்டியிருந்தது என்றால், அதை யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? மனுஸ்மிருதியில் ஓரிடத்தில் மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொந்தமாகச் சொத்து இல்லை என்று வருகிறது. அதே நூல் வேறோர் இடத்தில் பெண்ணுக்கு உரிய சீதனத்தை ஒப்புக்கொள்கிறது. நூலுக்குள்ளேயே இத்தனை இழுபறி.

இப்போது மத்தியப் பிரதேசத்தில் உள்ள பௌத்தத் தலமான சாஞ்சிக்குப் போங்கள். அங்குள்ள தூபிகளின் கல் வேலிகளிலும் தளக் கற்களிலும் கொடையாளிகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வணிகர், எழுத்தர், பிக்கு, பிக்குணி, இல்லறப் பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள். பெண்கள் தங்கள் பெயரிலேயே கொடுத்திருக்கிறார்கள். பெரிய தூபியின் தெற்கு வாயில் தூண் ஒன்றில், பக்கத்து ஊரான விதிசையைச் சேர்ந்த தந்த வேலைக்காரர்கள் செய்த சிற்பம் இது என்று ஒரு வரி இருக்கிறது. யானைத் தந்தத்தில் நுணுக்கமாகச் செதுக்கிப் பழகியவர்கள் கல்லுக்கு வந்து, தங்கள் தொழிலின் பெயரையும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கைத்தொழிலாளர்களின் தன்மதிப்பைப் பற்றி எந்தச் சட்ட நூலையும்விட இந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்கிறது.

அடிமைகளின் குரல் கேட்கவே வழியில்லை என்றும் சிலர் எழுதுகிறார்கள். பாலி மொழியில் உள்ள தேரிகாதை, பிக்குணிகள் பாடியதாகத் தொகுக்கப்பட்ட பாடல்கள். அதில் புண்ணிகா என்ற அடிமைப் பெண் வருகிறாள். தண்ணீர் சுமப்பது அவள் வேலை. எஜமானிகளின் அடிக்கும் ஏச்சுக்கும் பயந்து, குளிர்காலத்திலும் ஆற்றில் இறங்குகிறாள். அங்கே ஒரு பிராமணர் நடுங்கிக்கொண்டே முழுகுகிறார். நீங்கள் யாருக்குப் பயந்து இறங்குகிறீர்கள் என்று கேட்கிறாள். பாவத்தைக் கழுவ என்கிறார் அவர். அப்படியானால் தவளைகளும் ஆமைகளும் முதலைகளும் அல்லவா சொர்க்கம் போக வேண்டும் என்கிறாள். ஆறு பாவத்தை அடித்துக்கொண்டு போகுமானால் புண்ணியத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகுமே என்றும் மடக்குகிறாள். இது பௌத்தர்கள் போற்றிக் காத்த பாடல், அவர்கள் பக்கம் சாய்ந்துதான் பேசும்; அதை மறக்கக் கூடாது. ஆனாலும் அடிக்குப் பயந்து குளிர்ந்த நீரில் இறங்கும் அந்த உடம்பின் வலி, சந்தேகமில்லாமல் உண்மையான வாழ்க்கையிலிருந்து வந்தது.

இதை வைத்துக்கொண்டு, புத்தர் சாதியை ஒழித்துவிட்டார் என்று எழுதினால் அது எதிர்ப்பக்கத் தவறு. தாம் பிறந்த சாக்கியக் குலத்து இளைஞர்களுக்குத் துறவு கொடுக்கும் முன்பே, அவர்களுடைய நாவிதர் உபாலிக்குப் புத்தர் துறவு கொடுத்ததாக, துறவிகளுக்கான ஒழுங்கு விதிகளைத் தொகுத்த விநய நூல் சொல்கிறது. குலச் செருக்கு அடங்க வேண்டும் என்று அந்த இளைஞர்களே கேட்டுக்கொண்டார்களாம். பௌத்தத் துறவிகளின் சங்கத்துக்குள் அது பெரிய மாற்றம். அதே விநயம்தான் அடிமையையும் கடனாளியையும் துறவியாக்கக் கூடாது என்கிறது. எஜமானரோடும் கடன் கொடுத்தவரோடும் மோதச் சங்கம் துணியவில்லை. பௌத்த நூல்கள் நால்வகைப் பிரிவுகளை அடுக்கும்போது சத்திரியரை முதலில் வைக்கின்றன. அடுக்கு கலையவில்லை, வரிசைதான் மாறுகிறது.

புத்தரைப் பேரரசர் மகனாகக் காட்டுவதையும் நிறுத்திக்கொள்ளலாம். சாக்கியர்கள் குலத் தலைவர்கள் மன்றத்தில் கூடி முடிவெடுத்த சிறிய கணத்தினர். கோசல அரசுக்கு அடங்கியவர்கள். வைசாலியின் வஜ்ஜிகளும் அப்படிக் கூடி முடிவெடுத்தவர்களே. இதை மக்களாட்சி என்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். மன்றத்தில் உட்கார்ந்தவர்கள் உயர்குல ஆண்கள். வயலில் உழைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை.

உணவு விஷயத்திலும் இன்றைய பழக்கத்தை அன்றைக்கு ஏற்றிச் சொல்கிறோம். தமக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்கவோ கேட்கவோ சந்தேகிக்கவோ இல்லாத இறைச்சியைப் பிக்குகள் ஏற்கலாம் என்பது விநய விதி. அசோகரின் முதலாம் பெரும்பாறைக் கல்வெட்டில், முன்பு அரண்மனைச் சமையலுக்காக நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயில்களும் ஒரு மானும் மட்டுமே, மான்கூட எப்போதும் இல்லை என்று வருகிறது. இனி அவையும் கொல்லப்படா என்று முடிகிறது. பழக்கம் படிப்படியாகத்தான் மாறியது என்பதை அரசரே கல்லில் ஒப்புக்கொள்கிறார்.

கடைசியாக, கங்கைச் சமவெளி மட்டுமே பண்டைய இந்தியா என்று எழுதுவது. அசோகரின் இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டுகள் தம் ஆட்சிக்கு வெளியே சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுகின்றன. இரண்டாவது கல்வெட்டு சதியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரையும் சேர்த்துச் சொல்லி, அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகக் கூறுகிறது. சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981-இல் தமிழ்நாட்டில் திருக்கோவிலூருக்கு அருகே உள்ள ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டில், குகைப் பாளி (துறவிகள் தங்குமிடம்) ஒன்றைக் கொடுத்தவர் 'ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' என்று பெயரோடு நிற்கிறார். அவர் மரபே சதியபுத்திரர். இந்த இரண்டு கல்வெட்டுகளையும் சேர்த்துப் படிக்காமல் மௌரியர் காலத் தென்னகத்தைப் பற்றி எழுதத் தொடங்காதீர்கள்.