வலைப்பந்துக் காலோடு கூடைப்பந்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு

என்னிடம் கூடைப்பந்து பழக வருகிற பிள்ளைகளில் பலர் வலைப்பந்து (நெட்போல்) விளையாடியவர்கள். நானும் அப்படி வந்தவள்தான். முதல் மாட்ச்சில் பந்து கைக்கு வந்ததும் வலைப்பந்துப் பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஒருத்தி வந்து மூச்சுப் படுகிற தூரத்தில் மறித்தாள். வலைப்பந்தில் அவள் 0.9 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும் என்று நடுவரைப் பார்த்தேன். ஐந்து விநாடி முடிய, பந்தை வைத்துக்கொண்டே நின்றதற்கு விசில் எனக்குத்தான் ஊதப்பட்டது.

ஆகவே முதலில் பந்து தட்டப் பழகுங்கள். வலைப்பந்தில் உங்களுக்கு இது இல்லை. பந்தை அறையக்கூடாது, விரல்களை விரித்து, நுனிச் சதையால் கீழே தள்ளவேண்டும். பத்து நிமிடம் தட்டிவிட்டுக் கையைத் திருப்பிப் பாருங்கள். புழுதி விரல்களில் இருந்து, உள்ளங்கைக் குழி சுத்தமாக இருந்தால் சரி. குழியிலும் புழுதி என்றால் அறைந்திருக்கிறீர்கள். முழங்காலை மடித்து, பந்தை இடுப்புக்கு மேலே எழும்ப விடாமல் தட்டுங்கள். மற்றக் கை முன்னுக்கு மறைப்பாக இருக்கட்டும்.

கண் பந்தில் இருக்கக்கூடாது. இதற்கு எங்கள் ஊரான திருகோணமலையில் ஒரு வசதி உண்டு. பின்னேரம் கோட்டைப் பக்கத்து மான்கள் மேய வரும். பிள்ளைகளைத் தட்டிக்கொண்டு நடக்கவிட்டு, “மான் எத்தனை?” என்று கேட்பேன். “ஒன்பது மிஸ்... இல்லை பத்து, ஒண்டு குட்டி!” குட்டியைக் கண்டவளை அடுத்த பயிற்சிக்கு அனுப்பிவிடுவேன்.

ரிங்குக்கு எறிவதில் நீங்கள் பாதி தூரம் வந்தாயிற்று. உயரம் இரண்டிலும் 3.05 மீற்றர்தான். வலைப்பந்து வளையம் 38 சென்ரிமீற்றர் அகலம், இது 45. பின்னால் பலகையும் உண்டு. ஆனால் பந்து பாரம். வலைப்பந்து 450 கிராமுக்கு மேல் போகாது. பெண்களின் 6ஆம் இலக்கக் கூடைப்பந்து அரைக் கிலோவைத் தாண்டும். தலைக்கு மேலே வைத்து மணிக்கட்டால் மட்டும் சுண்டினால் ரிங்குக்கு எட்டாமல் விழும். பலம் முழங்காலிலிருந்து வரவேண்டும். முழங்கை பந்துக்கு நேர் கீழே, மற்றக் கை பக்கத்தில் சும்மா தாங்கலுக்கு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் திறந்த மைதானத்தில் தூரத்து எறிதலை நம்பாதீர்கள். (வறுத்த கச்சானை, நிலக்கடலையைச் சொல்லவில்லை, அது மாட்ச் முடிய.) கிட்டப் போய்ப் பலகையில் பட்டு விழ எறியுங்கள்.

கிட்டப் போவதென்றால் லே அப், அதாவது ஓடிவந்து எழும்பிப் பந்தைப் போடுவது. இதில்தான் வலைப்பந்துக் கால் சண்டித்தனம் பண்ணும். பந்தோடு இறங்கியதும் பிரேக் போட்டுப் பழகிய கால் அது. வலப்பக்கத்தால் ஓடிவரும்போது, தட்டிய பந்தைக் கையில் எடுத்தபின் வலது காலை நீட்டி ஓர் எட்டு, இடதில் கட்டையாக ஓர் எட்டு, உடனே இடதில் உந்தி மேலே எழும்பவேண்டும். வலது முழங்காலும் வலது கையும் ஒன்றாக உயரும். பலகையில் கீறிய சதுரத்தின் மேல் மூலை, உங்கள் பக்கத்து மூலை, அங்கே பந்தை மெல்ல வைத்துவிடுங்கள்.

இதை நான் டச் பே கடற்கரை ஈரமணலில், பந்தில்லாமல் பழக்குகிறேன். மணலில் தடம் விழும், ஒளிக்க முடியாது. இடது காலின் குதி ஆழமாகப் பதிந்து மணல் முன்னுக்குத் தள்ளுப்பட்டிருந்தால் பிரேக் போட்டிருக்கிறாள். பெருவிரல் பக்கம் ஆழமாக இருந்தால் மேலே எழும்பியிருக்கிறாள். ஒரு பிள்ளை தன் தடத்தைக் காலால் அழித்துவிட்டு, “அலை வந்தது மிஸ்” என்றாள். அலை பத்தடி தள்ளி நின்றது.

வலப்பக்கம் படிந்தபிறகு இடப்பக்கம். இடது எட்டு, வலது எட்டு, வலதில் எழும்பி இடக்கையால் போடவேண்டும். அந்தப் பக்கத்துக்குக் கரை முழுக்கக் குதித் தடமாகத்தான் கிடக்கும். இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள்.