காரைக்குடியில் இரவுச் சாப்பாடு: எப்போது போவது, எதைக் கேட்பது

செட்டிநாட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பலரும் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடித் தரைக்கற்களையும் பார்த்து முடித்து, இரவு ஒன்பதரை மணிக்குமேல் பசியோடு காரைக்குடி உணவகம் ஒன்றில் நுழைகிறார்கள். முதல் பயணத்தில் நானும் அதையே செய்தேன். மிஞ்சியிருந்தது பரோட்டாவும் ஆறிப்போன சால்னாவும்தான். ஏழரை மணிக்கே போய்விடுவது நல்லது. முகூர்த்த நாளாக இருந்தால் இன்னும் முன்னதாகப் போக வேண்டும்.

இலைபோட்டுச் சோறு, குழம்பு, ரசம் என்று வரிசையாகச் சாப்பிடுவதற்கு உரிய வேளை மதியம்தான். இரவில் பெரும்பாலும் இடியாப்பம், தோசை, பரோட்டா, அவற்றோடு கோழி, ஆட்டுக்கறி, காடை, நண்டு ஆகியவையே கிடைக்கும். ஆகவே இரவில் சோற்றை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் குளிர்சாதன அறையைத் தேடாமல், தோசைக்கல் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். கொத்து பரோட்டாவின் தாளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதே சிரமம்தான். ஆனாலும் எந்தப் பண்டம் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்குகிறது என்பதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். மெனு அட்டையைப் புரட்டுவதைவிட, “அண்ணே, இப்ப சூடா என்ன இருக்கு?” என்று பரிமாறுபவரிடம் கேட்பதே பயன் தரும்.

நால்வர் சென்றால் ஆளுக்கொரு பண்டம் சொல்லிப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரவழைக்கக் கூடாது. முதலில் மிளகு தூக்கலான கோழி வறுவலோ சுக்காவோ வரட்டும். அதன் பிறகு இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் வரலாம். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே வாய் எரியும் காரம் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு; அது பாதி உண்மைகூட இல்லை. குழம்பைத் தொட்டு வாயில் வைத்ததும் முதலில் எழ வேண்டியது சோம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி ஆகியவற்றின் வாசம். காரம் அதற்குப் பின்னால் வர வேண்டும். கல்பாசி சூடான எண்ணெயில் பட்டால்தான் மணக்கும் என்பதால், தாளிப்பில் அவசரப்பட்ட குழம்பை நாக்கு உடனே கண்டுகொள்ளும். கறி கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் நான் இரண்டாம் முறை கேட்பதில்லை.

வெள்ளைப் பணியாரம் இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுப்பது வீடுகளில் வழங்கும் அளவு. ஊறவைத்து நைசாக அரைத்த மாவைப் புளிக்க விடாமல், காயும் எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால், அது அடியிலிருந்து மிதந்து மேலே வந்து, ஓரம் மெல்லிய சரிகைபோல் விரிய, நடு உப்பி நிற்கும். சிவக்குமுன் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றாகச் சுடுவதால் காத்திருக்கத்தான் வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல் தருவார்கள்.

இனிப்புக்குக் கவுனி அரிசி கேட்பதாக இருந்தால் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவைப்பது நலம். பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் எனும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் வழியாக இங்கு வந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கறுப்பரிசி, பல மணி நேரம் ஊறினால்தான் குழைய வேகும். பிறகு சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்ப்பார்கள்.

மீந்த சுக்காவைப் பார்சல் கட்டச் சொல்லலாம், மறுநாள் காலை இட்லிக்கு அது நன்றாகவே இருக்கும். பணியாரத்தை மட்டும் கட்டச் சொல்லாதீர்கள். விடுதி போய்ச் சேர்வதற்குள் உப்பல் அமுங்கி எண்ணெய் கோத்துவிடும்.