வண்டிக்கு முதலில் வயசு வையுங்கள்

பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி நான் செய்த முதல் மாடல் டாங்கியைப் பட்டறைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். நாமக்கல்லில் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இந்த வண்டி பத்து வருசம் மழையில கெடந்துச்சா?"

கிடக்கவில்லை. அது 1945 ஏப்ரலில் பெர்லினுக்குள் போன சோவியத் டி-34/85. அந்த வகை டாங்கி தொழிற்சாலையை விட்டு வெளியே வரத் தொடங்கியதே 1944இல்தான். பெர்லின் வந்தபோது ஒன்றரை வயதுகூட ஆகியிருக்காது. நானோ பழைய இரும்புக் கடைத் துருவை அதற்கு அப்பி வைத்திருந்தேன்.

அதனால் இப்போதெல்லாம் கிட் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுகிறேன்: எந்த ஊர், எந்த மாதம், வண்டி எவ்வளவு நாள் ஓடியது. அழுக்கு எங்கே, எவ்வளவு என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

ஒட்டும் வேலையில் பெரிய சூட்சுமம் இல்லை. பாகங்களைக் கையால் பிய்க்காமல் கட்டரால் வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசையைப் பூச வேண்டியதில்லை. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் தானே உள்ளே ஓடிவிடும். சக்கரங்களை மட்டும் ஒட்டாமல் வையுங்கள், தனியாகப் பெயிண்ட் அடிக்கலாம்.

டி-34இல் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பீரங்கிக் கோபுரம். அசலில் அது வார்ப்பு எஃகு வேலை, தோல் சொரசொரவென்று இருக்கும். கிட்டில் பெரும்பாலும் வழுவழுப்பாகத்தான் வரும். மாடல் புட்டியை அதே பிளாஸ்டிக் சிமெண்டில் கரைத்துத் தடவி, காய்வதற்குள் பழைய டூத் பிரஷ்ஷால் குத்துங்கள். காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளில் லேசாக ஒரு தேய்ப்பு. உடல் பகுதி தகடு வெல்டிங், அதைத் தொடாதீர்கள்.

இரண்டு, செயின். மேல் செயினைத் தாங்கும் சின்ன உருளைகள் இந்த வண்டியில் கிடையாது. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், செயின் அவற்றின் முதுகிலேயே படுத்து, இடையிடையே தொய்ந்து போகும். கிட்டில் வரும் வளையும் பட்டையை அப்படியே மாட்டினால் கொடிக் கயிறு மாதிரி விறைத்து நிற்கும், அது டி-34 அல்ல. சக்கரத்தின் மேல் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்து, செயினை அழுத்திப் பிடித்து ஒட்டிவிடுங்கள்.

பெயிண்டுக்கு வருவோம். பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். ஐப்பசி மழையில் லாக்கர் பிரைமர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், வெயில் வரும்வரை பொறுங்கள். பச்சைக்கு நான் டமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-58 ஆலிவ் பச்சையில் கொஞ்சம் காக்கி கலந்து வெளிற வைக்கிறேன். சின்ன மாடலில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கருத்துத் தெரியும். பெயிண்ட் பால் பதத்துக்கு வரட்டும், 0.3 மில்லிமீட்டர் ஏர்பிரஷ், காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. தின்னர் அந்தந்தப் பெயிண்டுக்கு உரியதாக இருக்கட்டும். பட்டறையில் கேன் கேனாக இருக்கிறதே என்று லாரி பெயிண்டுக்கான என்சி தின்னரை எடுத்து ஒரு தடவை மாடலைத் துடைத்தேன். முன்பக்க மட்கார்டு வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகிப் போனது.

பெர்லினில் சொந்த விமானங்கள் அடையாளம் கண்டுகொள்ளக் கோபுரத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் கூரையில் வெள்ளைச் சிலுவைக் குறியும் போட்டார்கள். அதற்கு டேப் ஒட்டி நேர்கோடு எடுக்காதீர்கள். முடி தேய்ந்த பிரஷ்ஷால் கோணலாகவே இழுங்கள்.

அடுத்து பளபளப்பு தரும் கிளாஸ் (gloss) வார்னிஷ். அதன்மேல் வாசனையில்லாத ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு ஆயில் கலரை, போல்ட் தலைகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் மட்டும் நுனி பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். அரை மணி கழித்து, மழைத் தண்ணீர் வடியும் திசையில், மேலிருந்து கீழாகத் துடையுங்கள்.

பெயிண்ட் பெயர்ந்த இடங்களுக்கு ஸ்பாஞ்சுத் துண்டில் கரும்பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி ஒற்றிவிட்டு, பிறகு மாடலில் தட்டுங்கள். 1/35 அளவில் 1 மில்லிமீட்டர் கீறல் என்றால் அசலில் மூன்றரை சென்டிமீட்டர் காயம், ஞாபகம் இருக்கட்டும். மூடி விளிம்பு, ஏறி இறங்கும் இடம், சவாரி போகும் காலாட்படையினர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, இவ்வளவு போதும். கைப்பிடி மேல் பென்சில் கரியைத் தேய்த்தால் கை பட்டுப் பட்டு மின்னும் இரும்பு வந்துவிடும்.

செயினுக்குப் பொக்லைனைப் பாருங்கள். தரையில் தேயும் மேடு வெள்ளி மாதிரி மின்னும், பள்ளத்தில் மண் காய்ந்து கிடக்கும். ஓடுகிற வண்டியின் செயினில் ஆரஞ்சுத் துரு தங்காது.

தூசிக்கு நம்ம ஊர்ச் செம்மண்ணைச் சலித்துப் போட ஆசை வரும். வேண்டாம். நிறமும் சேராது, மணலும் ஜல்லி மாதிரி தெரியும். இடிந்த நகரத்தின் தூசி சுண்ணாம்பும் செங்கல்லும். சாம்பல், வெளிர் மஞ்சள், துளி செங்கல் நிறப் பேஸ்டல் சாக்குகளைப் பிளேடால் சுரண்டிக் கலந்து, கீழ்ப்பாதியில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் தடவுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ். அதில் தூசி கொஞ்சம் அமுங்கிப் போகும், அதனால் ஒரு கை கூடுதலாகவே போடுங்கள்.

டீசல் கறையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தொங்கும் உருளை டிரம்களிலிருந்து என்ஜினுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. ஆட்கள்தான் இறக்கி ஊற்ற வேண்டும், ஊற்றினால் சிந்தும். கருப்பும் பழுப்பும் கலந்த ஆயில் கலரில் கிளாஸ் வார்னிஷ் ஒரு துளி சேர்த்து, டிரம் மூடியிலிருந்து ஒரே ஒரு ஒழுகலை இழுத்துவிடுங்கள். மேட் வார்னிஷுக்கு முன்னால் இழுத்தால் ஈரப் பளபளப்பு செத்துவிடும்.